வெளிவட்டம் மட்டும் சிவப்பு

போனில் ஒரு படத்தைக் காட்டி, "பெரியவரே, இந்த மிலிட்டரி லாரி எந்தக் கம்பெனி கட்டினது?" என்று கேட்டுக்கொண்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். பழைய வண்டி சேர்ப்பது பலருக்குப் பெரிய ஆசையாகிவிட்டது. நான் படத்தைப் பார்ப்பேன், போனைத் திருப்பிக் கொடுப்பேன், வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பேன். அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "சும்மா தோணறதச் சொல்லுங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல" என்பார்கள். அந்தப் பரவால்லையைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. இந்தக் கிழவன் ஏன் இவ்வளவு பிகு பண்ணுகிறான் என்று வெளியில் பேசிக்கொள்கிறார்களாம். சரி, ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத வராது. பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். நான் பேசியதை நிர்மலா மேடம் போனில் பதிந்து எழுதித் தந்தார். பழைய வண்டிகளை எந்த நாட்டில், எந்தக் கம்பெனி கட்டியது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. அவரும் இதில் வருகிறார். அவரைப் பற்றி வரும் இடத்தில் ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

என் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். என்னையும் ஆலையில் சேர்க்கத்தான் நினைத்தார். ஆலைச் சங்கு ஊதும்போதெல்லாம் எனக்குக் காது வலிக்கும். அந்தச் சங்குக்குப் பயந்தே கடலூர் ரோட்டில் இருந்த லாரிப் பட்டறைக்கு ஓடிப்போனேன். டீ வாங்கினேன், மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், கிரீஸ் அடித்தேன், பிறகு ஒருநாள் ஸ்பேனரைக் கொடுத்தார்கள். கற்றுக்கொண்டதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டறைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரை எல்லோரும் ஷெஃப் என்போம், பிரெஞ்சில் தலைவர் என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதற்கு ஒரு தொப்பி, பட்டறைக்கு ஒரு தொப்பி வைத்திருந்தார். பட்டறைத் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலை தொடங்குவார். கத்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே இறங்கும். "துஸ்மான்" என்பார், மெதுவாக என்று அர்த்தம். அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

அந்தக் காலத்தில் இரண்டாவது உலகச் சண்டைக்கால லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. சண்டை முடிந்ததும் பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகள். மரம் ஏற்றும், கரும்பு ஏற்றும், கவிழ்ந்த லாரியைத் தூக்கும். கம்பெனிப் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் இன்றைக்கும் வண்டி விற்றுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு எதற்கு வம்பு. எங்கள் பட்டறையில் அவற்றுக்கு வேறு பெயர். அமெரிக்காவில் கட்டினது நீட்டுமூக்கு, ஏனென்றால் எஞ்சின் முன்னால் நீண்டிருக்கும். கனடாவில் கட்டினது சப்பைமூக்கு. சப்பைமூக்கை அங்கே போட்டிக் கம்பெனிகள் இரண்டு, அரசாங்கம் கொடுத்த ஒரே படத்தை வைத்துக் கட்டினார்களாம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இங்கிலாந்து வண்டி, பிரான்சு வண்டி எல்லாமும் வரும்.

எந்த வண்டி எந்தக் கம்பெனி என்று தெரியாமல் சாமான் வாங்க முடியாது. ஆனால் மூக்கைப் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது. ஏலத்தில் எடுத்தவர்கள் ஒரு வண்டி எஞ்சினை இன்னொன்றில் வைப்பார்கள், இதன் சக்கரத்தை அதில் மாட்டுவார்கள். அதனால் ஷெஃப் ஒரு முறை வைத்திருந்தார். புது வண்டி உள்ளே வந்தால் மூன்று தடவை சுற்ற வேண்டும். முதல் சுற்றில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், கண் மட்டும்தான் வேலை செய்யும். இரண்டாவது சுற்றில் கை. சேஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், முன்முனையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நம்பர் குத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் பாக்ஸ் வயிற்றில் வார்ப்பு எழுத்து இருக்கும், இங்கிலீஷ் படிக்க வராத நான் விரலால் தடவியே அதைத் தெரிந்துகொள்வேன். பிறகு ஸ்பேனர். இங்கிலாந்து நட்டுக்கு ஒரு அளவு, அமெரிக்க நட்டுக்கு ஒரு அளவு, பிரான்சு நட்டுக்கு மில்லி அளவு. மூன்று வகையையும் மூன்று கித்தான் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஆட்டமில்லாமல் எது உட்காருகிறதோ அதுதான் அந்த நட்டு பிறந்த நாடு. கனடா வண்டிக்கும் அமெரிக்க ஸ்பேனரே உட்காரும். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும். கடைசியாகச் சக்கரம்.

மூன்றாவது சுற்றில்தான் வாய் திறந்து பெயர் சொல்லலாம். முந்திக்கொண்டு யாராவது நீட்டுமூக்கு என்று சொல்லிவிட்டால், "பேரு வெச்சிட்டியா? அப்ப தொட்டில் கட்டு, போ" என்பார். பட்டறை முழுக்கச் சிரிக்கும். ஒரு தடவை நான் மரலாரி ஒன்றுக்கு அப்படிப் பெயர் வைத்து, மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய் ஆயில் சீல் வாங்கி வந்தேன். கியர் பாக்ஸ் வேறு வண்டியுடையது, சீல் சேரவில்லை. ஷெஃப் திட்டவில்லை. அதை என் சட்டைப் பையில் போட்டு, பட்டறைக்குள் இருக்கும்வரை எடுக்கக்கூடாது என்றார். குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கும்.

"ஏன் ஷெஃப், பேரு வெக்கறதுக்கு இவ்வளவு பயப்படறீங்க?" என்று கேட்டேன். "பேரச் சொல்லிட்டா கை அதும் பின்னாடியே போவும்டா. கண்ணு கூப்டாக்கூட திரும்பாது" என்றார்.

சக்கரத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே தடவைதான். சப்பைமூக்குச் சக்கரத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். கையால் தொடாமல் ஒரு குச்சியால் காட்டினார். நம் ஊர் லாரியில் சக்கரத்துக்கு நடுவே நட்டு இரண்டு வட்டமாக இருக்கும். வெளிவட்டம் சக்கரத்தைப் பிடித்திருக்கும், உள்வட்டம் ஆக்சிலைச் சேர்ந்தது. சக்கரம் கழற்ற வெளிவட்டத்தை அவிழ்ப்போம். நீட்டுமூக்கும் அப்படித்தான். சப்பைமூக்கில் அப்படியில்லை. அதன் ரிம் இரண்டு பாதி. டயரை நடுவில் வைத்து இரண்டு பாதியையும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி சேர்த்து முடுக்கியிருப்பார்கள். சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பது உள்வட்டம், வெளிவட்ட நட்டு அந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உள்ளே காற்று இருக்கும்போது அதை அவிழ்த்தால் ரிம் பிளந்துகொண்டு வரும். அதற்காகவே பட்டாளத்தில் வெளிவட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடித்திருப்பார்கள். தொடாதே என்று அர்த்தம்.

"சைகோன்ல என் கூட்டாளி ஒருத்தன்" என்று ஆரம்பித்தார். பட்டாளத்தில் அவர் வேலை பார்த்த ஊர் அது. நிறுத்திவிட்டு ஆணியில் இருந்த தொப்பியைப் பார்த்தார். "அவன் தொப்பி மட்டும் மறுநாள் கெடச்சிது."

அந்த லாரிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. ஷெஃப் போனார், பட்டறை போனது, அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நான் வேறு பட்டறைகளில் டீசல் லாரி பார்த்து, முட்டி தேய்ந்ததும் நிறுத்திக்கொண்டேன். சின்ன மகளைத் தவளக்குப்பத்தில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை ஏழுமலை அங்கே கூட்டு ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன், வேகமானவன். அந்த வேகம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. நான் ஒரு பஞ்சர் சக்கரத்தைப் பார்க்கக்கூடப் பின்னால் கை கட்டிக்கொண்டு சுற்றுவேன். "மாமா கோயில் பிரகாரம் சுத்தறாரு, யாரும் குறுக்க போவாதீங்க" என்பான். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு நான் கடைப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் நிர்மலா மேடம் தேடி வந்தார். கனகசெட்டிக்குளத்தில் ஒரு பழைய மிலிட்டரி லாரி இருக்கிறது, டவுனில் பழைய வண்டி சேர்க்கிற ஒருவர் அதை வாங்கிவிட்டார், தன் காட்சிக்கூடத்தில் வைப்பதற்கு முன்னால் யார் கட்டியது என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். சக்கர வேலைக்கு ஏழுமலையைப் பேசியிருந்தார்கள். பழைய மிலிட்டரி லாரி, ஏழுமலை கையில் ஸ்பேனர். இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. வெறும் படபடப்பு, வயசு என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். வெயிலுக்குக் குடை எடுத்துக்கொண்டேன். நான் போவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சவுக்குத் தோப்புக்கு ஓரமாக வண்டி நின்றது. அதை வைத்திருந்தது அஞ்சலை என்கிற அம்மாள். மீன் ஏலம் எடுத்து வியாபாரம் பண்ணுகிறவர். அவருடைய மாமனார் காலத்தில் ஐஸ் ஏற்றவும் படகை இழுக்கவும் வாங்கிய வண்டி.

முதலில் முகத்தைப் பார்த்தேன். மூக்கே இல்லை. முன்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டுப் பலகையில் கூண்டு கட்டியிருந்தார்கள். எஞ்சின் நம் ஊர் டீசல் எஞ்சின். நீட்டா, சப்பையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. சேஸில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏடு ஏடாக நின்றது.

நிர்மலா மேடம் பலகைக் கூண்டுக்குள் ஒரு பித்தளைத் தகட்டைக் காட்டினார். அதில் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் இருந்ததாம். "தகடு இதைச் சொல்லுது. ஆனா இது ஒண்ண மட்டும் வெச்சி நான் எழுத மாட்டேன். சேஸ் நம்பர் வேணும். நீங்களும் பாருங்க" என்றார். அவர் சொன்னது முறையான பேச்சு. ஆனால் அதற்குள் அந்தப் பெயர் வெளியே போய்விட்டது. வண்டியை ஏற்றிப்போக வந்திருந்த டிரெய்லர்காரர் தகட்டைப் பார்த்து அமெரிக்கா வண்டி என்றார், கூடி நின்றவர்களும் அமெரிக்கா வண்டி என்றார்கள். பின் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துக்கொண்டிருந்த ஏழுமலையும் கேட்டுக்கொண்டான்.

சிக்கல் என்னவென்றால், இடது பின்சக்கரம் உருளவில்லை. பிரேக் டிரம் உள்ளே பிடித்துக்கொண்டது. சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தளர்த்தினால்தான் டிரெய்லரில் ஏற்ற முடியும். முந்தின நாள் மணலில் இருந்து வண்டியை இழுப்பதற்காக நாலு டயருக்கும் நன்றாகக் காற்று அடித்திருந்தார்கள்.

"மாப்ள, கொஞ்சம் பொறு. மூணு சுத்து சுத்திட்டு வரேன்" என்றேன்.

"நீங்க சுத்துங்க மாமா. நீங்க பேரு கண்டுபுடிக்கிறதுக்குள்ள நான் சக்கரத்தயே கழட்டிடுவேன்" என்றான். டயரில் காற்றை அடைத்திருக்கும் வால்வு பின்னை எடுத்துக் காட்டினான். "காத்த எறக்கிட்டேன், போதுமா?"

பின்னை எடுத்தபோது புஸ்ஸென்று கொஞ்சம் சத்தம் வந்து நின்றதை நானும் கேட்டேன். சரி, காற்று இறங்கிவிட்டது என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு வட்ட நட்டும் நல்ல சிவப்பு. வெளிவட்டமும் சிவப்பு, உள்வட்டமும் சிவப்பு. அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, எல்லாமே சிவப்பாக இருந்தால் எதுவுமே சிவப்பில்லை. ரிம்மின் விளிம்பைப் பார்த்தால் இரண்டு பாதியா என்று தெரிந்திருக்கும். அங்கே தார் மாதிரிப் படகுப்பூச்சு பூசியிருந்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்பக்கம் போனேன். நிர்மலா மேடம் மணலில் முழங்கால் போட்டு, சேஸ் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷெஃப் சொல்லிக்கொடுத்த அதே இடம். அவர் யாரிடம் கற்றாரோ. பக்கத்தில் அஞ்சலை அம்மாள் நின்றுகொண்டு, வண்டி வீட்டை விட்டுப் போகிற வருத்தத்தில் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இந்த வண்டிக்குச் செய்கிற சிங்காரம், மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய். நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன், நட்டுக்கெல்லாம் சிவப்பு அடிச்சது நீங்கதானா என்று.

"நாந்தான். நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப வெளிய இருக்கிற வட்டம் மட்டும் செவப்பா இருந்துச்சி. உள்ள இருக்கிறது வெறும் இரும்பு. பாதி மூஞ்சிக்கு மஞ்ச பூசின மாதிரி கெடக்குதேன்னு, உள்ளயும் சேத்து அடிச்சி வுட்டேன்" என்றார்.

வெளிவட்டம் மட்டும் சிவப்பு என்றால் அது சப்பைமூக்கு. பின்பக்கம் ஸ்பேனரில் பைப் போட்டு அழுத்துகிற சத்தம், கிறீச், கிறீச்.

திரும்பி நடந்தேன். ஓட முடியாது, முட்டி அப்படி. மணலில் குடையை ஊன்றி ஊன்றிப் போனேன். கூப்பிட்டேன், டிரெய்லர் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. காற்று இறங்கிவிட்டதே, பிறகு என்ன பயம் என்று ஒரு மனசு. அந்த புஸ் சத்தம் ஏன் அவ்வளவு சீக்கிரம் நின்றது என்று இன்னொரு மனசு. நான் வண்டியைச் சுற்றி வரும்போது ஏழுமலை சக்கரத்துக்கு நேராகக் குந்தியிருந்தான். அவன் முகத்துக்கும் ரிம்முக்கும் ஒரு முழம்கூட இல்லை.

கத்தினால் திடுக்கிட்டு இன்னும் அழுத்திவிடுவானோ என்று பயம். கிட்டே போய் அவன் தோளில் கை வைத்தேன். ஷெஃப் குரல் மாதிரி என் குரலும் தானாக இறங்கிவிட்டது.

"மாப்ள. ஸ்பேனர அப்படியே வுட்டுட்டு, பின்னாடி நவுந்து எழுந்து வா."

என் முகத்தைப் பார்த்தான். கிண்டல் பண்ண வாயெடுத்தவன் பண்ணவில்லை, நகர்ந்து வந்தான். ஸ்பேனர் நட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெளிவட்டத்தில் சில நட்டைத் தளர்த்தியிருந்தான். ஒன்றைக் கழற்றியே விட்டிருந்தான். அது சிவப்பாக மணலில் கிடந்தது.

ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. காற்றுதான் இல்லையே என்றான், அமெரிக்க ஸ்பேனர் சரியாக உட்கார்ந்ததே என்றான். கனடா வண்டிக்கும் அது உட்காரும் என்றேன். டயரைத் தட்டிப் பார்க்கலாம் என்றால், அது வெயிலில் காய்ந்து கட்டை மாதிரி ஆகியிருந்தது. ஜாக்கியில் தூக்கியிருந்ததால் நசுங்கியும் தெரியவில்லை. உள்ளே காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை. அப்போது நிர்மலா மேடம் வந்தார். சேஸ் நம்பர் கிடைத்துவிட்டது, இது அமெரிக்கா இல்லை, கனடா என்றார். சொல்லும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார். டிரெய்லரை அணைக்கச் சொன்னார். அஞ்சலை அம்மாள் ஆட்களை விட்டுப் பழைய வலைக் குவியலைத் தூக்கிவரச் செய்தார். அவர்கள் டயரின் முதுகுப் பக்கமாக, அதாவது தரையில் உருளும் பக்கமாக வந்து, சக்கரத்தின் மேல் பாதியை வலையால் மூடினார்கள். வெடித்தால் வலை என்ன தடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பண்ண வேண்டியது ஒன்றுதான். அவிழ்த்ததை முடுக்கக்கூடாது, அவிழ்க்காததைத் தொடக்கூடாது, வால்வு வழியாகக் காற்றை இறக்க வேண்டும். உள்ளே இருந்த துருவும் மணலும் காற்றோடு வந்து வால்வுத் துளையில் அடைத்திருக்கிறது, அதைக் குத்தி விட வேண்டும். என் குடையைப் பிரித்து ஒரு கம்பியை ஒடித்தேன். மெல்லியதாக, நீளமாக இருந்தது, இதற்கென்றே செய்த மாதிரி.

நான் போகிறேன் என்றேன். எனக்கு வயசாகிவிட்டது, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். கம்பியைப் பிடித்து நாலடி நடந்தேன், கம்பி முனை கிடுகிடுவென்று ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அந்த ஆட்டத்தோடு வால்வுக் கண்ணில் கம்பி விட முடியாது. ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுங்க மாமா. நான் அவுத்தது, நானே எறக்கறேன்."

கொடுத்தேன். என் பெண்ணின் புருஷன் கையில் அந்தக் கம்பியை நானேதான் கொடுத்தேன். கொடுத்த கை இன்றைக்கும் எனக்கு நிம்மதி தரவில்லை.

டயரின் முதுகுப் பக்கமாக ஒட்டிப் படுக்கச் சொன்னேன். தலையும் உடம்பும் டயருக்குப் பின்னால் மறைய வேண்டும், கை மட்டும் வளைந்து முன்னால் வர வேண்டும். அப்படிப் படுத்தால் அவனுக்கு வால்வு தெரியாது. யாராவது எதிரில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிர்மலா மேடம் தன் போனை மணலில் குத்தி வைத்துப் பார்த்தார், வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியதே தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரை விலகச் சொல்லிவிட்டு நான் போய் நின்றேன். சக்கரத்துக்கு நேர் எதிரில். ஷெஃப் எங்கே நிற்கவே கூடாது என்றாரோ அங்கே.

"மாமா, எங்க நிக்கறீங்க?" என்று டயருக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"ஓரமாத்தான் நிக்கறேன். நீ தலைய எட்டாத."

கம்பி அந்தண்டை இந்தண்டை ரிம்மில் உரசியது. கொஞ்சம் கீழே என்றேன். இல்லை, மேலே. உன் பக்கம் ஒரு நூல். கம்பி வால்வு விளிம்பில் பட்டு வழுக்கும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தளர்ந்த நட்டுகளுக்குப் பக்கத்தில் ரிம்மில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அது முன்பே இருந்ததா, இப்போதுதான் விரிகிறதா? அதைப் பார்ப்பதா, வால்வைப் பார்ப்பதா? கோட்டைப் பார்த்தால் ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. வால்வை மட்டும் பார்த்தேன்.

"அதான். அங்கதான். மெதுவா உள்ள வுடு. மெதுவா."

கம்பி உள்ளே போனது. ஒன்றும் நடக்கவில்லை. திருகினான். துருத்தண்ணீரும் மணலும் பிசுக்கென்று தெறித்தன, அதற்குப் பின்னால் காற்று வந்தது. சீறிக்கொண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முந்தின நாள் அடித்த காற்று அத்தனையும் உள்ளேதான் இருந்திருக்கிறது. தள்ளி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலையின் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. கம்பியை விடாமல் பிடித்திருந்தது.

சீறல் நின்ற பிறகும் நான் விடவில்லை. இன்னும் குத்து, இன்னும் குத்து என்றேன். டயர் ரிம்மை விட்டுத் தளர்ந்து தொங்கிய பிறகுதான் எழச் சொன்னேன்.

எழுந்து மணலைத் தட்டினான். முன்பக்கம் வந்து சக்கரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் நின்ற இடத்தில் பாதி பிரிந்த குடை மணலில் ஊன்றியிருந்தது. அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கோடு போட்டால் நேராகப் போகும். அவன் கண் அந்தக் கோட்டில் போய்த் திரும்பி வந்தது. குனிந்து மணலில் கிடந்த நட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு வேலை நடந்தது. காற்றில்லாத ரிம் இரண்டு கிண்ணமாகப் பிரிந்து வந்தது. பித்தளைத் தகடு எப்படி வந்தது என்று அஞ்சலை அம்மாளைக் கேட்டோம். பளபளவென்று இருந்ததால் மாமனார் எங்கேயோ வாங்கிவந்து அடித்தாராம். அவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அந்த அம்மாளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே உள்வட்டச் சிவப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

பெயர் விவகாரம் அதோடும் தீரவில்லை. சேஸ் கனடாவின் ஒரு கம்பெனி, பின் ஆக்சில் அதன் போட்டிக் கம்பெனி என்று நிர்மலா மேடம் கண்டுபிடித்தார். கூடத்துப் பலகையில் இரண்டு பெயரையும் எழுதி, மற்ற பாகங்கள் யாருடையவை என்று தெரியவில்லை என்றும் எழுதிவைத்தார். தெரியவில்லை என்று எழுதிய பலகையை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வண்டி இப்போது டவுனில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் நிற்கிறது. பச்சை அடித்து, டயர் மாற்றி, காற்றும் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. வெளிவட்டம் மட்டும் சிவப்பாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றார்கள். ஆனால் பெயின்டர் மாறுவார், வாட்ச்மேன் மாறுவார். நன்றாக இல்லை என்று யாராவது மொத்தத்தையும் பச்சையாக்கினால்? அதனால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று. வாட்ச்மேனுக்கு என் முகம் பழகிவிட்டது, டிக்கெட் கேட்பதில்லை. கடல்காற்றில் சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. போன மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது பின்சக்கரத்தில் பழுப்பாகிவிட்டிருந்தது. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை.

அடுத்த தடவை போனபோது முதல் சுற்றிலேயே நின்றுவிட்டேன். நாலு சக்கரத்திலும் வெளிவட்டம் பளீரென்று சிவப்பாக இருந்தது. உள்வட்டம் வெறும் இரும்பு. இரண்டாவது சுற்றில் விரலால் தொட்டேன், ஒட்டியது.

"நேத்து ஒருத்தர் வந்தாருங்க" என்றார் வாட்ச்மேன். "தவளக்குப்பத்துல டயர் கடையாம். பெயின்ட் டப்பா, பிரஷ் எல்லாம் அவரே கொண்டாந்திருந்தாரு. வந்தவுடனே தொடல. கைய பின்னால கட்டிக்கினு, உங்கள மாதிரியே வண்டிய சுத்திக்கினு இருந்தாரு."